ஓரம் கிழித்த டிக்கெட்

வில்லியனூர்
21 ஜூலை 2025

அண்ணனுக்கு,

போன் போட்டுப் பார்த்திருப்பாய், மணி அடித்திருக்காது. உன் நம்பரை நான்தான் பிளாக் செய்தேன். கண் போன இந்த ஏழு வருஷத்தில் எனக்கு மனுஷர்கள் என்றால் குரல்தான். உன் குரலைக் கேட்டால் இப்போது ஒரே ஒரு வாக்கியம்தான் காதில் விழும். கடிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால் எழுது. ஆஸ்பத்திரியில் என் டெலிபோன் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் நான் அடிப்பதைப் படித்துக் காட்டும். சாப்பாட்டு நேரத்தில் அடித்து, பிரிண்ட் எடுத்து அனுப்புகிறேன். நீ கையாலேயே எழுது. என் அறைத்தோழி லில்லி படித்துச் சொல்வாள். அவளுக்குத் தெரியாத ரகசியம் இனி நமக்குள் ஒன்றும் மிச்சமில்லை.

இதை அம்மாவுக்கு நீ படித்துக் காட்ட வேண்டும். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஜூலை 12, சனிக்கிழமை. அப்பா இறந்து ஒரு வருஷம். சாயந்தரம் ஆறு மணிக்கு நம்மூர்க் கோயிலில் அப்பா பேரில் பூசை. நாலே காலுக்கு நானும் தாராவும் வில்லியனூரில் மடுகரை பஸ் ஏறினோம். அம்மாவுக்காகச் சொல்கிறேன், தாரா தெருவில் திரிகிற நாய் இல்லை. பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே பெங்களூரில் ஒரு டிரஸ்டில் பழக்கிய நாய். நானும் அங்கே ஆறு வாரம் தங்கி அவளோடு நடக்கப் பழகினேன். எட்டு மாதமாக அவள் முதுகில் கட்டிய வாரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அவள் குரைத்து இந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

விசில் சத்தத்திலேயே அது நீ கண்டக்டராகப் போகிற பஸ் என்று தெரிந்துவிட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். தாரா என் காலடியில் படுத்துக்கொண்டாள். டிக்கெட் கைக்கு வந்தது, வாங்கிப் பையில் வைத்தேன். நீ ஒன்றும் பேசவில்லை. கூட்டம், வேலையாக இருக்கிறாய் என்று நானும் பேசவில்லை.

ஏம்பலத்தில் ஒருத்தர் ஏறினார். அரிகரன், உங்கள் முதலாளியின் மச்சான், என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

"யார்ரா நாய ஏத்துனது? பஸ்ஸா இது இன்னா?"

"தெரிலண்ணே. கும்பல்ல ஏறிக்கினாங்க."

"உனுக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

"எனக்கு யாருன்னே தெரியாதுண்ணே."

அப்புறம் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து, "யம்மா, எறங்கு, டைம் ஆவுது" என்றாய். இயேசுவை யாரென்றே தெரியாது என்று சீடன் மறுத்தானே, பெரிய வெள்ளிக்கிழமை தோறும் சாமியார் சொல்கிற அந்தக் கதைதான். சேவல் மட்டும் கூவவில்லை, பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் நகரலாம் என்று காலெடுத்தபோது தாரா என் முட்டிக்குக் குறுக்கே நின்றுவிட்டாள். தள்ளினேன், நகரவில்லை. "அங்க வாய்க்கா இருக்குது, உழுந்துடப் போற" என்று ஒரு பெண் கத்தினாள். அமிர்தம் என்று பெயர், மீன் விற்கிறவள். தன் தார்ப்பாய்க்குக் கீழே எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தாள். நாயைப் பார்த்ததும் மூன்று ஆட்டோ நிற்காமல் போனது. உனக்கு ஒன்பது முறை போன் செய்தேன். கடைசியில் லில்லி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் பூசை அப்போது முடிந்திருக்கும்.

பெற்ற அப்பன் பூசைக்குக்கூட வராதவள் என்று அம்மா பக்கத்து வீட்டு ருக்குமணி அக்காவிடம் சொல்லி அழுதாளாம். யார் அவளிடம் அப்படிச் சொன்னது?

மாற்றுத்திறனாளிகள் ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டேன். பஸ் நம்பர், நேரம், முதலாளி உலகநாதன் பெயர் எல்லாம் எழுதினேன். கண்டக்டர் யார் என்று கேட்டார்கள். யாரென்றே தெரியாது என்று நானும் சொல்லிவிட்டேன்.

இ. ஆரோக்கியசெல்வி


பண்டசோழநல்லூர்
28 ஜூலை 2025

இயேசுவுக்கே புகழ்

அன்புள்ள தங்கச்சி செல்விக்கு அண்ணன் ஆண்டனி எழுதுவது. நலம் நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் எழுதவில்லை. பத்தாவதுக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. லில்லி மேடம், கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைத் திட்டத் தோன்றுகிற இடத்தில் மனசுக்குள் திட்டிக்கொள்ளுங்கள்.

செல்வி, அன்றைக்கு முன் சீட்டுக்கு எதிர் வரிசையில் ஒரு குழந்தை நாயைப் பார்த்து அழுதது. அதன் அப்பன் எழுந்து, நாய் வந்தால் நாங்கள் இறங்குகிறோம் என்றான். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நம் ரூட்டில் இரண்டு நிமிஷம் அதிகம் நின்றால் பின்னால் வருகிற பஸ்காரன் முந்திப் போய் அடுத்த ஐந்து ஸ்டாப் ஜனத்தையும் அள்ளிக்கொள்வான். அந்த நேரத்தில் அரிகரன் வேறு ஏறிவிட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், வில்லியனூரில் நீ ஏறியதை நான் கவனிக்கவில்லை. கூட்டத்தில் கண்டக்டருக்கு முகம் தெரியாது, நீட்டுகிற கைதான் தெரியும். ஏம்பலத்தில் அவர் கேட்டபோதுதான் உன்னைப் பார்த்தேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். தெரிந்தே சொல்லவில்லை.

அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படிக்கவில்லை. பூசை நாளில் செல்வி வரவில்லையா என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அது பொய் இல்லைதானே, நீ வரவில்லைதானே. கோபித்துக்கொள்ளாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் புகார் முதலாளிக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதகடிப்பட்டு வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அப்படி ஒரு பெண் பஸ்ஸில் ஏறவே இல்லை, படியில் நின்று தகராறு செய்தாள், டிக்கெட் கொடுக்கவில்லை, அவள் யார் என்றும் தெரியாது. இப்படி நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நீ என் தங்கச்சி என்று அவருக்கும் தெரியாது, அரிகரனுக்கும் தெரியாது. புகாரில் உன் பெயருக்குக் கீழே தகப்பனார் இன்னாசிமுத்து என்று இருக்கிறது. என் கண்டக்டர் லைசென்சிலும் அதே பெயர்தான். இன்னும் ஒருத்தரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

நான் கண்டக்டர் பை மாட்டிய முதல் நாள் உனக்கு நினைவிருக்கிறதா? அப்பா கரும்பு லோடு மேலே உட்கார்ந்தே ஊர் பார்த்த மனுஷன். எந்த ஆண்டை வண்டியிலும் அவரை முன்னால் உட்காரச் சொன்னதில்லை. அன்றைக்கு நான் முன் சீட்டைக் காட்டினேன். உட்கார்ந்தார். மடுகரை வரைக்கும் போய் அதே சீட்டில் திரும்பி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வேலை இது. நீ வாபஸ் வாங்கினால் நான் பொய்க் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உனக்கு ஆட்டோ நான் ஏற்பாடு செய்கிறேன். வாபஸ் வாங்கிவிடு தங்கச்சி.

ஆண்டனி


வில்லியனூர்
4 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை லில்லி இரண்டு முறை படித்தாள். முதல் முறை, "நீ வரவில்லைதானே" என்கிற இடத்தில் நிறுத்தி, "இன்னாடி இது, வக்கீலுக்குப் படிக்க வேண்டிய ஆளு" என்றாள். சத்தமாகத்தான் திட்டினாள்.

குழந்தை அழுததைச் சொல்கிறாய். அழட்டும், பயப்படுகிற பிள்ளை அழத்தான் செய்யும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தாராவை எழுப்பிக் கடைசி சீட்டுக்குப் போயிருப்பேன். ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை. என் தலைக்கு மேலே உன்னிடம்தான் பேசினார்கள். கண் தெரியாதவளுக்குக் காதும் கேட்காது என்பது இந்த ஊர் கணக்கு.

உன் பஸ்ஸில் கூடையில் கோழி வருகிறது. மதகடிப்பட்டுச் சந்தைக்கு ஆட்டுக்குட்டி வருகிறது, அதற்கு அரை டிக்கெட் போடுகிறாய். அவை வண்டிக்குள் செய்கிற காரியத்தை நீயே வந்து சொல்லிச் சிரித்திருக்கிறாய். தாரா எனக்கு முன்னால் நடக்கிற என் கண். அதை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஏறச் சொல்கிறீர்கள்.

பஸ் மட்டும் என்று நினைக்காதே. இந்த அறையைப் பிடிக்க பதினோரு வீடு ஏறி இறங்கினேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் தாரா கூடாது என்பதால் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டுச் சாப்பிடுகிறேன். ஒவ்வொரு இடத்திலும் முன்பின் தெரியாதவர்களோடு சண்டை போட்டுப் பழகிவிட்டது. உன்னோடு போட வேண்டி வரும் என்று நான் தயாராக இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கு ஏம்பலத்தில் நான் அழுதது மழையால் யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது உனக்குச் சொல்கிறேன், அழுதேன்.

அப்பாவின் முன் சீட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு, ஜன்னல் பக்கம். அப்பா என்னிடமும் சொன்னார். உன்னிடம்தான் பேசவில்லை, வீட்டுக்கு வந்து என்னிடம் ராத்திரி முழுக்கப் பேசினார். அதே சீட்டிலிருந்துதான் நீ என்னை எழுப்பினாய் அண்ணா.

வில்லியனூரில் என்னைக் கவனிக்கவில்லை என்கிறாய், சத்தியம் வேறு செய்கிறாய். அதைப் பற்றி இப்போது பேச மாட்டேன்.

வாபஸ் வாங்க மாட்டேன். இன்றைக்கு நான் வாங்கினால் நாளைக்கு வேறொருத்தி ஒரு நாயோடு ஏறும்போது இதே விசிலை அடித்து இறக்குவீர்கள். உன் ஆட்டோவும் வேண்டாம். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்மாவிடம் உண்மையைச் சொல். நான் சொல்ல முடியும், அமிர்தம் அக்காவை விட்டுக்கூடச் சொல்ல முடியும். நீ சொல்ல வேண்டும்.

செல்வி


பண்டசோழநல்லூர்
13 ஆகஸ்ட் 2025

செல்விக்கு,

லில்லி மேடம், இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து இன்னும் மோசமாக இருக்கும்.

நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். நான் ஒன்று கேட்கிறேன். கண் போனதிலிருந்து ஆறு வருஷம் உன்னை யார் கூட்டிப் போனது? பஞ்சாயத்து ஆபீஸ், கண் ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் கிளாஸ், சர்டிபிகேட்டுக்காக அலைந்த அலைச்சல், எல்லாம் இந்தக் கைதான். என் தோளில் நீ கை வைத்து நடந்தபோது ஒரு பயல் நம்மை எந்த பஸ்ஸிலிருந்தாவது இறக்கினானா? உன்னைப் பார்த்து எல்லாரும் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். அது உனக்குப் போதவில்லை. பெங்களூருக்குப் போய் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்து, இனிமேல் நீ வர வேண்டாம் அண்ணா என்று சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். பூசைக்குக்கூட நான் வந்து கூட்டிப் போகிறேன் என்றேன், தாரா இருக்கிறாள் என்றாய். அண்ணன் இடத்தில் நாய். ஊரில் நாலு பேர் அதைச் சொல்லியே சிரித்தார்கள். எனக்கு வலிக்காதா?

கல்யாணத்துக்குப் பெண் பார்த்த இடத்தில்கூட, தங்கச்சியை நான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதை ஒத்துக்கொண்டால் மேலே பேசலாம் என்று சொன்னவன் நான். உனக்கு அது தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நீ வாபஸ் வாங்க மாட்டேன் என்று எழுதினாய். முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பினார். பஸ் பர்மிட்டுக்கே சிக்கல் வரும் என்று வக்கீல் சொன்னாராம். நேற்று அவர்கள் டைப் அடித்து வைத்திருந்த பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏறவில்லை, டிக்கெட் கொடுக்கவில்லை, யார் என்று தெரியாது. மூன்றும் இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி எங்களுக்கு விசாரணை. உனக்கு இருபத்தைந்து என்று சொன்னார்கள். அங்கே வந்து அதையே வாயால் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் இப்போது உன் பேச்சையே எடுப்பதில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டேன்.

ஆண்டனி


வில்லியனூர்
19 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

இந்தக் கவரில் கடிதத்தோடு ஒரு சின்னக் காகிதம் இருக்கும். கீழே விழுந்துவிடாமல் எடுத்துக்கொள்.

உன் கை என்னை ஆறு வருஷம் நடத்தியது. அதை நான் மறந்தால் எனக்கு நல்ல சாவு வராது. ஆனால் உன் கைக்கு டூட்டி இருந்தது. உனக்கு லீவு விழுகிற நாளில்தான் எனக்குக் கால் முளைத்தது. செவ்வாய்க்கிழமை மாத்திரை தீர்ந்தால் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருப்பேன். ஒரு நாளும் அதை உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ லீவு போடுவாய். இனிமேல் வர வேண்டாம் என்று நான் சிரித்துச் சொன்னது உன்னை விடுவித்துவிட்டேன் என்கிற சந்தோஷத்தில். உனக்கு அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு இல்லை.

பெண் பார்த்த இடத்தில் நீ சொன்னது இப்போதுதான் தெரியும். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அப்படிச் சொன்ன ஆள்தான் யாரென்றே தெரியாது என்றும் சொன்னான் என்பதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தக் காகிதம். ஜூலை 12 அன்றைய டிக்கெட். வில்லியனூரிலிருந்து பண்டசோழநல்லூருக்கு, நாலு பதினேழு என்று நேரம் போட்டிருக்கிறது என்று லில்லி சொன்னாள். நீ கையெழுத்துப் போட்ட பேப்பரில் டிக்கெட்டே கொடுக்கவில்லை என்று இருக்கிறது.

அது மட்டும் இல்லை. மேலே இடது ஓரத்தைத் தடவிப் பார். கிழிந்திருக்கிறது.

கண் போன புதிதில் ஒரு செக்கர் என்னிடம் டிக்கெட் கேட்டார். டிக்கெட் எது, மாத்திரைச் சீட்டு எது, கடை பில் எது என்று தெரியாமல் பையில் இருந்ததை எல்லாம் அள்ளி நீட்டினேன். பஸ்ஸே சிரித்தது. அன்றைக்கு நீதான் அந்த வழியைக் கண்டுபிடித்தாய். எனக்கு டிக்கெட் கொடுக்கும்போது இடது ஓரத்தை நகத்தால் கொஞ்சம் கிழித்துத் தருவாய். ஓரம் இல்லாத காகிதம்தான் டிக்கெட். ஏழு வருஷமாக வேறு யாருக்கும் நீ அப்படிக் கொடுத்ததில்லை.

வில்லியனூரில் என் கையில் விழுந்தபோதே ஓரம் கிழிந்திருந்தது. அண்ணன் பார்த்துவிட்டான் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நீ என்னைக் கவனித்தாய். தாராவையும் பார்த்தாய். எனக்குச் சீட்டு கிடைத்ததையும் பார்த்தாய். அதற்கு அப்புறம்தான் தெரியாது என்றாய்.

இதை இருபத்தைந்தாம் தேதி நான் கொடுத்தால் உன் மூன்று பொய்யும் அங்கேயே தெரிந்துவிடும். பொய் வாக்குமூலம் கொடுத்தவன் என்று உன்மேல்தான் முதலில் வரும், முதலாளிமேல் அப்புறம்தான். அதனால் உனக்கே அனுப்புகிறேன். லில்லி போட்டோவாவது எடுத்து வைக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வேண்டாம் என்றேன். பைத்தியக்காரி என்று திட்டிவிட்டு இன்னும் பேசவில்லை. நான் டிக்கெட் வாங்கியதற்கு என்னிடம் வேறு சாட்சி கிடையாது.

மெஷின் டிக்கெட்டில் எழுத்து நாளாக ஆக மங்கிவிடுமாம். எனக்கு எழுத்து எப்படியும் தெரியாது. ஓரம் மங்காது. கிழித்துப் போடுவதென்றால் போடு. நான் கேட்க மாட்டேன்.

செல்வி


பண்டசோழநல்லூர்
30 ஆகஸ்ட் 2025

தங்கச்சி செல்விக்கு,

லில்லி மேடம், அவளைத் திட்டியது போதும், இப்போது பேசுங்கள்.

உன் கவர் வந்த அன்றைக்கு டூட்டி முடிந்து, டெப்போ பாத்ரூமில் வைத்துத்தான் பிரித்தேன். டிக்கெட்டை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கிழித்துப் போடத்தான் தோன்றியது. உன்னிடம் மறைத்து என்ன? வாளியில் தண்ணீர்கூட எடுத்துவிட்டேன். கிழிக்கப் பிடித்தால் என் நகம் தானாக அந்த ஓரத்துக்குத்தான் போகிறது. அங்கே ஏற்கெனவே கிழித்திருக்கிறேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நீ எழுதியது சரி. உன்னைப் பார்த்தேன். டிக்கெட் கொடுத்தபோது தாரா என் செருப்பை மோந்து பார்த்துவிட்டு மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டது. செல்வி என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. கூப்பிட்டால் பஸ்ஸில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், நாயோடு வந்த குருட்டுப் பெண் கண்டக்டர் தங்கச்சி என்று. அதற்குத்தான் வாயை மூடிக்கொண்டேன். வெட்கப்பட்டேன். அரிகரன் கேட்ட பிறகு சொன்னது பயத்தில் சொன்னது. ஆனால் வில்லியனூரிலேயே பேசாமல் இருந்தது பயம் இல்லை.

இருபத்தெட்டாம் தேதி முதலாளி காரில் கூட்டிப் போனார். முன் சீட்டில் அரிகரன், பின்னால் நானும் முதலாளியும். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே ஒரு மேடம் விசாரித்தார்கள். நான் கையெழுத்துப் போட்ட பேப்பரைப் படித்துவிட்டு, இதெல்லாம் உண்மைதானா என்று கேட்டார்கள். நான் டிக்கெட்டை மேசைமேல் வைத்தேன்.

மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரம் ஏன் கிழிஞ்சிருக்கு என்று கேட்டார்கள்.

"நான்தான் மேடம் கிழிச்சேன். அது என் தங்கச்சி. டிக்கெட்டுன்னு கைக்குத் தெரியணும்ல."

புகாரையும் என் லைசென்ஸ் காப்பியையும் மேடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இன்னாசிமுத்து, இன்னாசிமுத்து. முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. பொய் எழுதிக் கொடுத்ததுக்கு என்மேலும் நடவடிக்கை வரலாம் என்று சொல்லித்தான் புதிதாக எழுதி வாங்கினார்கள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் நீ தாராவோடு வந்தால் மரியாதையாக ஏற்ற வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லி அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் அரிகரன் பையை வாங்கிக்கொண்டார். விசில் என் சொந்த விசில், அதைக் கொடுக்கவில்லை. அவர்கள் காரில் போய்விட்டார்கள், நான் வேறு கம்பெனி பஸ்ஸில் வந்தேன். திங்கள்கிழமையிலிருந்து மதகடிப்பட்டு பாக்யராஜின் தண்ணீர் கேன் வண்டியில் லோடு ஏற்றப் போகிறேன். இந்த ரூட்டில் இனி எவனும் எனக்குப் பை கொடுக்க மாட்டான். வருத்தமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

அன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் முதல் கடிதத்தைப் படித்தும் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஏம்பலத்தில் மழை என்கிற இடத்தில் கையை நிறுத்திவிட்டாள்.

"பூசையில நின்னுக்கினு எம்பொண்ண சபிச்சேனேடா. அப்பன் பூசையில."

அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். உன் நம்பரைக் கேட்டு ருக்குமணி அக்கா வீட்டுக்குப் போனாள், அங்கே போய் அழுதுவிட்டுப் பேசாமலே திரும்பி வந்துவிட்டாள்.

நீ வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

ஆண்டனி


வில்லியனூர்
9 செப்டம்பர் 2025

அண்ணா,

உன் கடிதத்தை லில்லி படித்து முடித்துவிட்டு, டீ போடுகிறேன் என்று எழுந்து போனாள். டீ வர முக்கால் மணி நேரம் ஆனது.

நீ பை இழந்ததற்கு நான் சந்தோஷப்படவில்லை. நான் கேட்ட நியாயத்துக்கு விலை உலகநாதன் கொடுப்பார் என்று நினைத்தேன், நீ கொடுத்திருக்கிறாய். வில்லியனூரிலேயே வெட்கப்பட்டேன் என்று நீ எழுதிய வரியை லில்லியிடம் மூன்று முறை படிக்கச் சொன்னேன். வலித்தது. ஆனாலும் நீ எழுதியதில் முதல் உண்மை அதுதான், அதனால் வைத்துக்கொள்கிறேன். மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாராவோடு அதே பஸ் ஏறிப் பார்த்தேன், ஏம்பலம் வரைக்கும். புதுக் கண்டக்டர் ராமு என்று ஒருத்தர். ஏறுங்க என்றார், அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நாலு ஓரமும் முழுசாக ஒரு டிக்கெட் கொடுத்தார். பையில் போட்டதும் மற்ற காகிதத்தோடு கலந்துவிட்டது. பக்கத்து சீட்டு காலி, அதற்குப் பக்கத்தில் நாலைந்து பேர் நின்றுகொண்டே வந்தார்கள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஒருத்தரும் உட்காரவில்லை. இறக்கிவிடவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. ஏம்பலத்தில் அமிர்தம் அக்கா தாராவைப் பார்த்துவிட்டு, "வந்துட்டியா, ஒக்காரு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை, நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

சனிக்கிழமை, இருபதாம் தேதி, வீட்டுக்கு வருகிறேன். அதே நாலே கால் பஸ், அதே முன் சீட்டு. அம்மாவை ஸ்டாப்புக்குக் கூட்டி வராதே, அவள் அழுவாள், தாரா குழம்பிப்போவாள். என்னைக் கைப்பிடித்து இறக்க வேண்டாம். படியை அவள் காட்டுவாள்.

நீ ஒன்று மட்டும் செய். ஸ்டாப்பில் பஸ் நின்றதும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. யம்மா இல்லை, செல்வியும் இல்லை, ஆரோக்கியசெல்வி என்று முழுசாகக் கூப்பிடு. டிரைவருக்கும், ராமுவுக்கும், கடைசி சீட்டில் இருக்கிறவர்களுக்கும் கேட்க வேண்டும். பஸ் கிளம்புவதற்கு முன்னால் கூப்பிடு.

உன் தங்கச்சி